பால் பிடித்த பயிரில் தம்பிக்கு அறுத்த வழி

வணக்கம். இதை எழுதுகிறவன் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். எனக்கு எழுத்து வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. கழகத்துப் படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றேன். பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்தியிருப்பார்கள். விஷயத்தில் பிழை இருக்காது. என் தம்பியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் அவருடைய இந்த நினைவு மலரை வாங்கியிருப்பவர்களில் யாரும் இல்லை.

அச்சகத்தார் ஒன்று சொன்னார்கள். விமானப்படை அதிகாரியை அவன், இவன் என்று எழுதினால் நன்றாக இருக்காதாம். என் தோளில் உட்கார்ந்து வாய்க்கால் கடந்தவனை அவர் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அந்த உடுப்புக்கு மரியாதை உண்டு. ஆகவே அவர் என்றே எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது வெண்ணாற்றுப் பாசனத்தில், கடைமடைக்குச் சற்று மேலே உள்ள எங்கள் ஊரில், கீழத்தெருவில். அப்பா பண்ணையாள். அம்மா நடவாள். எனக்கும் தம்பிக்கும் பத்து வயது இடைவெளி. இடையில் பிறந்தவை தங்கவில்லை. அம்மா நடவுக்குப் போகும்போது வரப்பு ஓரத்துப் பூவரச மரத்தில் தூளி கட்டித் தம்பியைப் போட்டுவிட்டு வயலில் இறங்குவார். குழந்தை அழுதால் கரையேற மேஸ்திரி விட மாட்டார். நான்தான் பண்ணை மாட்டை ஓட்டியபடியே ஓடிவந்து தூளியை ஆட்டுவேன். தம்பியின் முதல் ஆகாயப் பயணம் அந்தத் தூளியில்தான், அதைச் செலுத்தியவன் நான் என்று பின்னாளில் அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை.

கழகம் ஆட்சிக்கு வந்த காலம். புது நெல் ரகம் வந்தது, கூடவே பூச்சியும் வந்தது. பயிருக்கு மருந்து அடிக்கச் சர்க்கார் ஏற்பாட்டில் சின்ன விமானம் வந்தது. முதல் நாளே தமுக்கு அடித்துச் சொல்வார்கள்: கிணற்றை மூடு, குடத்தை மூடு, கோழியையும் வாத்தையும் அடை. விமானம் நேர்கோட்டில் போவதற்கு வயலின் கோடியில் ஒருவன் மூங்கில் கழியில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பிடித்து நிற்க வேண்டும். விமானம் துணியைப் பார்த்து வரும். தலைக்கு மேலே மருந்தைத் தூவிவிட்டு எழும்பிப் போகும். உடனே கொடிக்காரன் அடுத்த வரிசைக்கு நகர வேண்டும்.

அந்தக் கொடியைப் பிடித்தவன் நான். ஊரில் எல்லோரும் பயந்தார்கள். சக்கரம் தலையைச் சீவிவிடும் என்றார்கள். நான் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றேன். மற்ற ஊர்க் கொடிக்காரன் எல்லாம் விமானம் பாதி வயல் வரும்போதே விலகி ஓடுவான், கோடு கோணும். நான் துணி படபடக்கிற வரைக்கும் நகர மாட்டேன். ஓட்டுகிறவர் மேலிருந்து கையைக் காட்டிவிட்டுப் போவார். நம்பாதவர்கள் எங்கள் ஊரில் வயதானவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

தம்பி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்: “அண்ணே, அவரு உன்னப் பாத்துத்தான் வராரா?”

“பின்ன? நான் நின்னாத்தான் அவரு வர முடியும்.”

“அப்ப நீ நில்லு. நான் வரேன்.”

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு படிப்பில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆதிதிராவிடர் விடுதியில் தங்கிப் பள்ளி, தஞ்சாவூரில் கல்லூரி, அங்கே என்.சி.சி., பிறகு மைசூரில் தேர்வு. மைசூருக்குப் போகும்போது போட்டுக்கொள்ள அவரிடம் பூட்ஸ் இல்லை. என்.சி.சி.யில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அப்போது ஆயில் இஞ்சின் பழுது பார்க்கக் கற்று, வயலுக்கு நிலத்தடி நீர் எடுக்கும் பில்டர் பாயிண்ட் குழாய் இறக்கும் தொழிலில் கால் ஊன்றிவிட்டேன். இன்றைக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கோடையில் தண்ணீர் கொட்டும் குழாய்களில் பெரும்பாலானவை என் கையால் இறங்கியவை. டிராக்டர் வாங்கினேன். ஓட்டுவீடு கட்டினேன். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தம்பிக்கு நான் வாங்கிக் கொடுத்த அந்தப் பூட்ஸைத்தான் என் வாழ்க்கையின் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

தம்பி அதிகாரியாகி முதல் லீவில் வந்தபோது எங்கள் தாய்மாமன் தெருமுனையில் மறித்துக்கொண்டார். மாமா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முக்கியமானவர். நான் கழகம், அவர் சிவப்புக் கொடி. எங்கள் இருவருக்கும் சண்டை வராத நாளில் ஊரில் காக்கை கத்தாது.

“ஏன்டா மாப்ள, கூலிப் போராட்டம் நடக்குது. ஏரோப்ளேன்ல வந்து எங்க நோட்டீஸக் கொஞ்சம் மேலேர்ந்து தூவிட்டுப் போவியா?”

“நோட்டீஸக் கீழ போட்டா, அவங்க என்னையும் சேத்துக் கீழ போட்டுருவாங்க மாமா.”

“சர்க்கார் சோறு. உங்கண்ணன மாதிரியே ஆயிட்டியேடா நீயும்.”

தம்பி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் அப்பாவுடையது.

அந்த அப்பா காலமானது ஒரு ஐப்பசி அடைமழையில். வெளியூர் உறவுகளுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். சுடுகாடு ஊருக்குத் தெற்கே இருக்கிறது. அதற்குப் பாதை என்று இருப்பது மேலத்தெரு வழியாக மட்டும்தான். கீழத்தெருப் பிணம் அந்தத் தெருவில் போகக் கூடாது. நாங்கள் வயலில் இறங்கி, நட்ட பயிருக்கு நடுவே, முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பயிர் மிதிபட்டால் அதற்கும் ஏச்சு வாங்க வேண்டும்.

முன்பக்கம் நானும் தம்பியும் தோள் கொடுத்தோம். நடுவயலில் தம்பிக்குக் கால் வழுக்கிவிட்டது. பாடை சாய்ந்தது. விழவில்லை, நான் முட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் அப்பாவின் கால்கள் சேற்றில் பட்டுவிட்டன. குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்திய கால்கள். சுடுகாட்டு ஓரத்து வாய்க்காலில் தம்பி தண்ணீர் அள்ளிவந்து தன் கையாலேயே கழுவினார். பிறகு என்னிடம் சொன்னார்: “வாழ்நாள் பூரா சேத்துலயே நின்னாரு. போறப்பவாச்சும் காஞ்ச கால்ல போயிருக்கலாம்ணே.”

பதிலைச் செய்து காட்டுவது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு காலையில், எங்கள் தெருவின் மேலே இடி மாதிரி ஒரு சத்தம். பெரிய விமானம், பின்னாலேயே இன்னும் இரண்டு, பனைமரத்துக்குச் சற்று உயரே, வந்தது தெரியாமல் போய்விட்டன. பொம்பளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? “மருந்து ப்ளேன் வந்துடுச்சு” என்று கத்திக்கொண்டு ஓடிக் குடத்தை எல்லாம் மூடினார்கள். வாத்தைக் கூண்டில் அடைத்தார்கள். என் அம்மா ஊறப்போட்டிருந்த அரிசிக்கு மேலே முறத்தைக் கவிழ்த்துவிட்டு, நாள் பூராவும் மருந்து நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து விமானம் நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் சனத்துக்குத் தாழப் பறக்கும் விமானம் என்றால் அது ஒன்றுதான்.

அடுத்த லீவில் இதைச் சொன்னோம். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அது நான்தாம்மா. என் பின்னால ரெண்டு பேரு வந்தாங்க. பயிற்சிக்கு எங்களுக்குக் குடுத்த வழி அது. உன் அரிசிக்கு ஒண்ணும் ஆகல.”

“எங்கள எல்லாம் பாத்தியாடா?” என்றார் அம்மா.

“அந்த வேகத்துல ஆளு தெரியாதும்மா. கோடுதான் தெரியும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போது அவர் சிரிக்கவில்லை. “அண்ணே, மேலேர்ந்து பாத்தா எல்லா எடத்துக்கும் ஒரு கோடு போகுது. கோயிலுக்கு, களத்துக்கு, குளத்துக்கு. பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குக்கூட ஒரு கோடு இருக்கு. நம்ம தெருவுலேர்ந்து சுடுகாட்டுக்கு மட்டும் கோடு இல்லண்ணே.”

அந்தச் சமயத்தில்தான் நில உச்சவரம்பில் எடுத்த பண்ணை நிலத்தில் எங்களுக்குப் பங்கு கிடைத்தது. சங்கம் போராடியது, சர்க்கார் பட்டா கொடுத்தது. மாமா சங்கத்தைச் சொல்வார், நான் சர்க்காரைச் சொல்வேன், இரண்டும் உண்மை. எனக்கு வந்த துண்டு எங்கள் தெருவின் கொல்லையில் தொடங்கிச் சுடுகாட்டு வாய்க்கால் வரை போகிறது. மற்றவர்கள் ஆற்றோர நிலம் கேட்டார்கள். நான் இதைத்தான் கேட்டு வாங்கினேன். தாழ்வான நிலம், சுடுகாட்டை ஒட்டிய நிலம் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

கடைசித் தீபாவளிக்குத் தம்பி வந்திருந்தார். நானும் அவரும் அந்த வயலின் வரப்பில் நின்று பேசினோம். சம்பா நட்டிருந்தேன், என் சொந்த நிலத்தில் முதல் பயிர். “தை அறுப்பு முடியட்டும். நடுவால பாதைய விட்டுட்டு ரெண்டு பக்கமும் நட்டுக்கலாம்” என்றேன். “நான் லீவு போட்டுட்டு வரேண்ணே. மண்ணு நான் சுமக்குறேன். நீ கோடு பாத்து நில்லு” என்றார். அப்போதுதான் அம்மா வரப்பில் வந்து, கும்பகோணத்துப் பக்கம் ஒரு டீச்சர் பெண் இருப்பதாகச் சொன்னார். தையில் அதையும் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

மார்கழிக் கடைசியில் தந்தி வந்தது.

சில உறவினர்கள் துக்கம் கேட்க வந்த இடத்தில், “ஏன் அவ்வளவு தாழப் பறக்கணும்? வேடிக்கை காட்டப் போய் வினையாயிடுச்சு” என்று பேசியதாகக் கேள்விப்பட்டேன். அவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

தாழப் பறப்பது வேடிக்கை இல்லை. அதுதான் அவர் வேலை. சண்டையில் எதிரியின் ரேடார் கருவிக் கண்ணில் படாமல் போவதற்குத் தரையை ஒட்டித்தான் போக வேண்டும். அதைச் சின்ன அதிகாரிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தம்பிக்கு. “ஒசரத்துல பறக்குறது பஸ்ஸுல போற மாதிரிண்ணே. தாழப் பறக்குறது வரப்புல சைக்கிள் ஓட்டுற மாதிரி. கண்ணு அசந்தா சேறுதான்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தாழ்வு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது என் தலைக்கு மேலேயே போயிருக்கிறது.

நடந்ததை, தம்பியின் சவப்பெட்டியோடு வந்த அதிகாரி எங்களுக்குச் சொன்னார். அவர் வடக்கத்திக்காரர், தலைப்பாகை கட்டியவர். கூட வந்த சார்ஜெண்ட் மாயவரத்துக்காரர், அவர் தமிழில் சொன்னார். வடக்கே ஓர் இடத்தில் தாழப் பறக்கும் பயிற்சி. முன் இருக்கையில் கற்றுக்கொள்ளும் பையன், பின் இருக்கையில் தம்பி. ஒரு பெரிய பறவை இஞ்சினுக்குள் போய்விட்டது. இஞ்சின் நின்றது. உயரத்தில் இருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். அந்தத் தாழ்வில் மூச்சு இழுக்கிற நேரம்தான். தம்பி விமானத்தின் மூக்கை மேலே தூக்கி, இருந்த வேகத்தை எல்லாம் உயரமாக்கினார். அந்த உயரத்தில் பையனை வெளியே போகச் சொன்னார். பையனின் இருக்கை வெளியேறியது, பாராசூட் விரிந்தது. தம்பியின் முறை வருவதற்குள் விமானம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டது.

“இருந்த ஒசரத்த அவருக்குக் குடுத்துட்டாருங்கன்னு ஆபீசர் சொல்றாரு” என்றார் சார்ஜெண்ட்.

அம்மா சார்ஜெண்ட் பக்கம் திரும்பினார். “அந்தப் புள்ள பொழச்சுதா?” என்று கேட்டார்.

“பொழச்சுட்டாரும்மா. இடுப்புல அடி. நடந்துருவாரு.”

“அதுக்கு அம்மா இருக்காளா?”

“இருக்காங்க.”

“சரி” என்றார் அம்மா. அதற்குமேல் விமானத்தைப் பற்றி அவர் யாரிடமும் கேட்டதில்லை.

இனி, அன்றைக்குக் காலையில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். நடுவில் நின்றவன் நான்.

விமானப்படை லாரி எங்கள் தெருவில் நின்றது. கொடி போர்த்திய பெட்டியை இறக்கி வாசலில் வைத்தார்கள். மூடி அடித்த பெட்டி. திறக்கக் கூடாது என்று உத்தரவு. அப்போது மேலத்தெருப் பெரிய பண்ணையார், தன் ஆட்கள் நாலு பேரோடு மாலை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாலையை வைத்துக் கும்பிட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். சின்ன வயதில் என்னை வாடா போடா என்று கூப்பிட்டவர். டிராக்டர் வந்த பிறகு வாடா என்றும் சொல்ல முடியாமல், வாங்க என்றும் சொல்ல மனம் வராமல், பெயரும் சொல்லாமல் என்னிடம் பேசக் கற்றுக்கொண்டவர்.

“ஊருக்கே பெருமை தேடிக் குடுத்தாச்சு. மேலத்தெரு வழியாவே ஊர்வலம் வரட்டும். நானே முன்னால நடக்குறேன்.”

“ரொம்ப சந்தோஷங்கய்யா. இனிமே எங்க தெருப் பிணம் எல்லாம் அந்த வழியாத்தானே?”

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். “அது வேற. இவரு ஆபீசரு. கொடி போத்தி வந்திருக்காரு. அதனால இது ஒரு தடவை. மத்ததெல்லாம் வழக்கம்போல.”

சங்கத்து மாமா பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “விடாதடா. இன்னிக்கு லாரி இருக்கு, பட்டாளம் இருக்கு, தெருவுல நொழஞ்சிரு. நம்ம ஆளுங்க பின்னாலயே வராங்க. யாரு தடுப்பான், பாப்போம்” என்று காதோரம் உறுமினார்.

அம்மா என் கையைப் பிடித்தார். “ஒரு தடவையாச்சும் என் புள்ள அந்தத் தெருவுல போவட்டுமேடா. அந்தத் தெருவ எத்தன வருஷம் நான் கூட்டியிருக்கேன். அவன் அதுல போறத நான் பாக்கணும்.”

இதுதான் சங்கடம். தம்பிக்கு ராஜமரியாதை வாசல்வரை வந்து நிற்கிறது. வேண்டாம் என்றால் அம்மாவின் மனம் உடையும். சரி என்றால், அப்பாவைச் சேற்றில் சாய்த்த வழக்கத்துக்குத் தம்பியின் பெட்டியை வைத்தே நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். சண்டைக்குப் போனால் தம்பியின் பெட்டி தெருவில் நிற்க, அதன்மேல் கல் விழும். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை.

நான் அம்மாவிடம் சொன்னேன்: “பொட்டிக்கு மட்டும் வழி விடுறாங்கம்மா. நாளைக்கு உன்ன எந்த வழியா தூக்கிட்டுப் போறது? அப்பா போன சேத்துலயா? தம்பி ஒத்துக்குவானா, நீயே சொல்லு.”

அம்மா என் கையை விட்டுவிட்டார்.

பண்ணையாரிடம் போய்க் கும்பிட்டேன். “ஐயா, உங்க மனசுக்கு நன்றி. ஒருத்தருக்கு மட்டும் தொறக்குற வழி என் தம்பிக்கு வேண்டாம். அவருக்கு எங்ககிட்டயே வழி இருக்கு.”

“எங்க இருக்கு?” என்றார் அவர். சுற்றிலும் பயிர்தான் நின்றது.

நான் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினேன். என் சம்பா அப்போது கதிர் வெளியே வந்து பால் பிடித்து நின்றது. விவசாயம் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பருவத்தில் பயிரில் அரிவாளை வைப்பவன் கிடையாது. மாடு வாய் வைத்தாலே அடித்துத் துரத்துவோம். பிள்ளைத்தாய்ச்சியை அடிப்பதற்குச் சமம் என்பார்கள். என் சொந்த நிலத்தின் முதல் விளைச்சல் அது. அதன் நடுவே, தெருவிலிருந்து சுடுகாடு வரை, லாரி போகிற அகலத்துக்கு அறுங்கள் என்றேன்.

மாமாதான் பேசினார். “அறுப்பு வேலைநிறுத்தம் நடக்குதுடா. எங்க ஆளு அரிவாள எடுத்தா சங்கம் என்னைக் கேக்கும்.”

“இது கூலிக்கு இல்ல மாமா.”

“அப்ப சரி” என்று சொல்லி, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு முதலில் வயலில் இறங்கியவர் அவரேதான். பண்ணை வயல்களில் விளைந்தது சாய்ந்து கிடக்க, வேலைநிறுத்தத்தில் கூரையில் செருகியிருந்த அரிவாள்கள் எல்லாம் என் பச்சைப் பயிருக்கு இறங்கின. பொம்பளைகள் அறுக்க, ஆம்பளைகள் அறுத்த தாளைக் கட்டுக் கட்டாகச் சேற்றில் பரப்பி மிதித்தார்கள். அதன்மேல் கீற்று, வைக்கோல், எங்கள் வீட்டுக் கதவுகள். விமானப்படைப் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வைக்கோல் சுமந்தார்கள். அந்தத் தலைப்பாகை அதிகாரி தன் பளபளக்கும் பூட்ஸோடு சேற்றில் இறங்கி நின்றதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

கோடு கோணக் கூடாது. அதற்கு ஆள் வேண்டும். நான் மூங்கில் கழியில் என் வெள்ளை வேட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு, வயலைச் சுற்றிப் போய், சுடுகாட்டு வாய்க்கால் ஓரத்தில் நின்றேன். அறுப்பவர்கள் என் துணியைப் பார்த்து வந்தார்கள். வழி என்னை நோக்கித் திறந்துகொண்டே வந்தது. நான் நகரவில்லை.

பிறகு பெட்டி வந்தது. ஆறு பேர் தோளில், மூவர்ணக் கொடியோடு, என் பயிருக்கு நடுவே, நேராக. அந்தக் காலத்தில் விமானம் என்னை நோக்கி வந்து மேலே எழும்பிப் போகும். அன்றைக்கு என் தம்பி என்னைப் பார்த்து வந்து என் முன்னால் நின்றார். “நீ நில்லு. நான் வரேன்” என்றவர் சொன்னபடி வந்துவிட்டார். தூக்கி வந்த ஒருவர் காலிலும் சேறு முழங்காலுக்கு ஏறவில்லை. யாருக்கும் வழுக்கவில்லை.

வாய்க்கரிசி போடும் நேரம். மூடிய பெட்டியில் எங்கே போடுவது? அம்மா சார்ஜெண்டைக் கேட்டார்: “தலமாடு எந்தப் பக்கம் தம்பி?” அவர் காட்டினார். அம்மா கொண்டுவந்த அரிசியை மடியிலேயே வைத்துக்கொண்டு குனிந்தார். அறுத்துப் போட்டிருந்த பயிரிலிருந்து ஒரு கதிரை எடுத்தார். இரண்டு விரலால் நசுக்கினார். வெள்ளையாகப் பால் வந்தது. அதைத் தலைமாட்டில், மரத்தின்மேல் தடவினார். இன்னொரு கதிர். இன்னொன்று.

“உங்க அண்ணன் நிலத்துப் பாலுடா. குடிச்சிட்டுப் போ” என்றார்.

எத்தனையோ இறுகிய களிமண்ணில் குழாய் இறக்கியவன் நான். அன்றைக்கு என்னால் கொள்ளிக்குடத்தைத் தோளில் நிறுத்த முடியவில்லை. மாமாதான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போகும்போதே முடிவு செய்துவிட்டேன், அறுத்த இடத்தில் மறுபடி நடுவதில்லை என்று. தை, மாசி இரண்டு மாதமும் தெருவே மண் சுமந்தது. தம்பி சுமப்பதாகச் சொன்ன மண்ணை நான் சுமந்தேன். வாய்க்காலின் குறுக்கே என் செலவில் குழாய் பதித்தேன். தரிசாகப் போட்டால் பட்டா ரத்தாகும் என்று ஒரு அதிகாரி பயமுறுத்தினார். கழகத்திலும் சொன்னேன், சங்கத்திலும் சொன்னேன், தாசில்தார் வாசலில் நானே போய் உட்கார்ந்தேன். அந்தப் பாதை அளவு நிலம் இன்று கிராமக் கணக்கில் பொதுப்பாதை என்று ஏறிவிட்டது. என் பெயரை அடித்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதினார்கள். என் வாழ்க்கையில் சொத்து குறைந்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

தம்பிக்குப் பிறகு அந்தப் பாதையில் போனவர் எங்கள் தெருவின் மூத்த நடவாள், அம்மாவின் கூட்டாளி. காய்ந்த மண்ணில் மேளம் முன்னால் போக, பேரப்பிள்ளைகள் கூடவே நடந்து போனார்கள். அம்மா அன்றைக்குச் சுடுகாட்டு வாய்க்கால் வரை நடந்துபோய் வந்து, “நல்லாத்தான் போட்டிருக்க” என்றார். அம்மா என்னை மெச்சிய முதல் வார்த்தை அது.

குறுவை அறுப்பில் ஒரு விசேஷம். பெரிய பண்ணையாரின் டிராக்டர் தெற்கு வயலுக்குப் போகக் குறுக்குவழி இல்லாமல் எங்கள் பாதை முனையில் வந்து நின்றது. “நிறுத்துடா, சுங்கம் வாங்கு” என்று மாமா குதித்தார். “எல்லாருக்கும்னுதானே போட்டோம் மாமா, போவட்டும்” என்றேன். டிராக்டர் போயிற்று. ஆனால் பாதை கிடைத்ததால் மேலத்தெரு விஷயத்தை விட்டுவிட்டோம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். மனு கொடுத்திருக்கிறோம். என் மூச்சு இருக்கிறது, மாமாவுக்குத் தொண்டை இருக்கிறது. அதையும் வாங்காமல் விட மாட்டோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தம்பியைக் கொண்டுவந்து சேர்த்து, எங்கள் சேற்றில் இறங்கிய விமானப்படை அதிகாரிக்கும் பிள்ளைகளுக்கும், அம்மாவுக்குத் தலைமாடு காட்டிய மாயவரத்துச் சார்ஜெண்டுக்கும், கூலி இல்லாமல் அரிவாள் எடுத்த எங்கள் தெருத் தாய்மார்களுக்கும், கதவைக் கழற்றிக் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கும், மாலையோடு எங்கள் வாசலுக்கு வந்த பண்ணையாருக்கும், என்னோடு சண்டை போட்டுக்கொண்டே என்னைத் தாங்கிப் பிடித்த மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தம்பி உயரம் கொடுத்துக் காப்பாற்றிய அந்தப் பையன் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாராம். வருஷாந்திரத்துக்குத் தன் தாயாரோடு வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அவர்கள் தங்குவது எங்கள் வீட்டில்தான். அம்மா இப்போதே பாயைக் காயவைத்துவிட்டார்.

மார்கழியில் தம்பியின் முதலாம் ஆண்டுப் படையல். வீட்டில் படைத்துவிட்டுத் தெற்கே போய் விளக்கு வைத்து வருவோம். இரண்டு பக்கமும் சம்பா பால் பிடித்து நிற்கும். நடுவே தம்பி பார்த்த மற்றக் கோடுகளைப் போல இதுவும் ஒரு கோடாகக் கிடக்கும். மேலே யாராவது தாழப் பறந்து போனால் அவர்கள் கண்ணுக்கும் தெரியும். வருகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டாம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டாம். காலில் போட்டபடியே வாருங்கள்.